தாமதம் என்கிற கட்டம்

வெள்ளிக்கிழமைக்குள் அட்டவணை வேண்டும் என்றான் குனூட்டி.
இறால் ஆலைக்கு எந்த இணைப்பு என்று
நூக்கிலிருந்து கணக்கு அலுவலகம் கேட்கிறதாம்.
நான்கு கட்டம் போட்டேன்:
விலை, வேகம், தாமதம்,
அறுந்தால் எத்தனை நாள்.

முதலில், ஆலைக்குப் பின்னால் நிற்கும் பெரிய கிண்ணம்.
வெயில் நாடுகளில் இதன் இனம்
அண்ணாந்தே நிற்கும் என்கிறார்கள்.
கிரீன்லாந்தின் இந்த உயரத்தில்
பூமியின் வளைவு மிச்சம் வைத்த வானம்தான் எங்களுக்கு.
அதனால் இது கடல்விளிம்பைப் பார்த்து நிற்கிறது,
வரவேண்டிய படகு ஒன்று தாமதமானது போல.
நடுக்கோட்டுக்கு மேலே
முப்பத்தாறாயிரம் கிலோமீட்டர் உயரத்தில்
அசையாதிருக்கும் ஒன்றோடு இதற்குப் பேச்சு.
கேள்வி போய்ப் பதில் வர
அறுநூறு மில்லிவிநாடி.
எழுதிக்கொண்டேன்: அறுநூறு.

அந்த அறுநூறுக்குள்தான்
தாதி பிபாலுக்
ஒரு பெண்ணின் வயிற்றில் கருவியை அழுத்திப் பிடித்து
"துடிப்பு தெரிகிறதா, டாக்டர்?" என்று கேட்டுவிட்டு
தன் மூச்சை நிறுத்தினாள்.
இதற்குக் கட்டம் இல்லை.

அடுத்தது நுண்ணலைக் கோபுரங்கள்.
மலை மலையாகக் கைமாறி வரும்.
தாமதம் இருபதுக்கும் கீழே.
மின்கலம் மாற்ற ஹெலிகாப்டர்;
ஹெலிகாப்டருக்கு நல்ல வானிலை;
நல்ல வானிலைக்கு யாரிடம் மனுப் போடுவது?
போன ஜனவரி பதினோரு நாள்
உச்சிக் கொட்டகையில் நான் கிடந்தேன்,
ஒரு ஸ்பேனரோடும் ஏழு டப்பா பீச் பழத்தோடும்.
அதைவிடச் சிக்கல்,
ஃபியோர்டைத் தாண்டும் கடைசித் தாவல்.
ஓதம் ஏறும்போது
தண்ணீரில் பட்டுத் தெறித்த அலை வந்து
நேரே வந்த அலையைத் தின்றுவிடும்.
நான் பார்த்த எந்த விலைப்பட்டியலிலும் நிலா இல்லை.
ஓரத்தில் குறித்தேன்: பௌர்ணமியன்று சரிபார்க்கவும்.
குனூட்டி அடித்துவிடுவான்.

கடலடிக் கண்ணாடி இழை.
வேகத்துக்கு அளவில்லை, விலைக்கும் இல்லை.
பனிப்பாறையின் அடிவயிறு உரசினால்
கப்பல் வரும்வரை ஆறு வாரம்.
எங்கள் ஊர் நூற்று எண்பத்து மூன்று பேர்.
கட்டத்தில் ஒரு கோடு இழுத்தேன்.

கடைசியில் தாழப் பறக்கும் கூட்டம்.
ஒன்று மறையுமுன் இன்னொன்று தோன்றும்.
தட்டு தன்னைத்தானே சூடாக்கிப் பனியை உருக்கும்,
அதற்கான டீசலை ஊர் குடிக்கக் கொடுக்கும்.
விலை மலிவு. நாளைய விலை?
மேலே போய்க் கேட்க முடியாது.
தாமதம்: நாற்பது.

அந்த நாற்பதை நான் அறிவேன்.
கோடையில் மூன்று வாரம் சோதனைக்கு வைத்திருந்தோம்.
ஆல்போர்கில் இருக்கும் தம்பி மிட்டெக்கோடு
முதன்முறையாக இடைவெளியில்லாமல் பேசினேன்.
அதுவரை கிண்ணத்தில் பேசும்போதெல்லாம்
ஒருவருக்கு மற்றவர் இடம்விட்டுக் காத்திருப்போம்,
நாங்கள் ஏதோ மரியாதைக்காரர்கள் மாதிரி.
நாற்பதில் அந்த இடம் இல்லை.
அப்பாவின் படகை விற்பது பற்றித் தொடங்கினோம்.
அவன் வாக்கியத்தை நான் வெட்டினேன்,
என்னுடையதை அவன்.
ஒரு சொல்கூட வழியில் தொலையவில்லை;
தொலைந்திருக்கலாம்.

சோதனைத் தட்டு பெட்டிக்குள் திரும்பிய மறுநாள்
பழைய கிண்ணத்தில் அவனை அழைத்தேன்.
மணி அடித்தது. எடுத்தான். மௌனம்.
"தப்பு என்னுடையதுதான்" என்றேன்.
சொல்லி முடிக்குமுன்
அதே வாக்கியம் அவன் குரலில் வந்தது.
என்னுடையது அங்கே சேர்வதற்குள்
அவன் புறப்பட்டிருக்கிறான்.
எங்கோ மேலே இரண்டும் எதிரெதிரே கடந்திருக்கின்றன.
யார் முதலில் என்று
இருவருக்கும் இன்றுவரை தெரியாது.

வியாழன் இரவு எழுதி அனுப்பினேன்:
பரிந்துரை, தாழப் பறப்பது.
மாற்று ஏற்பாடு, கிண்ணத்தைக் கழற்ற வேண்டாம்.
காரணம் என்று கேட்ட இடத்தில்:
சோதிக்கப்பட்டது.