நாற்பது பாளம்

வயர் இழுக்கத்தான் என்னைக் கூப்பிட்டார்கள்.
வாழைச்சேனைத் துறைக்குப் பின்னால்
பூட்டிக் கிடந்த ஐஸ் ஆலை.
மூன்று பேஸில் ஒன்று செத்திருந்தது.
அமோனியா போய்விட்டது,
மணம் போகவில்லை.

தர்மிலா தரையில் சம்மணமிட்டு
பழைய பேரேட்டைக் கணினியில் தட்டிக்கொண்டிருந்தாள்.
கரையான் விட்டுவைத்தது நாலு வருடம்.
திகதி, வள்ளம், இத்தனை பாளம், கையெழுத்து.

"ஒரு பாளத்துக்கு ஒரு பல்ப், அண்ணன்.
ஒரு நாளுக்கு ரெண்டு செக்கன்.
உள்ளுக்கு வந்து நிண்டா
நாலு வருசமும் தலைக்கு மேலால போகும்."

எனக்கு விளங்கினது ஆம்பியர் மட்டும்.
அறுபது ஹோல்டர், இரண்டு சுருள் வயர், ஒரு பிரேக்கர்.

மைக் ஒன்றை ரப்பரில் சுற்றி
ஓட்டமாவடிப் பாலத்தடியில் இறக்கி வைத்திருந்தாள்.
முதல் நாள் ஸ்பீக்கரைப் போட்டதும்
சடசடவென்று பொரிந்தது.
நான் ஓடிப்போய் மெயினை அடித்துவிட்டேன்.
இருட்டுக்குள் அவள் சிரித்தாள்:
"சோட் இல்ல அண்ணன், இறால்."

ஒரு பின்னேரம் தேத்தண்ணியோடு கேட்டாள்:
ஒன்றும் எழுதாத நாளுக்கு என்ன வெளிச்சம் கொடுக்கிறது?
பூச்சியம் என்று எழுதிய நாள் வேறே கிடக்கு.
நான் சொன்னேன்:
அணைந்த பல்ப் வேறு,
பல்ப் இல்லாத ஹோல்டர் வேறு.
இரண்டாவதுக்குள் விரல் விட்டுப் பாருங்க.
அதை அவள் எழுதிக்கொண்டாள்.
நான் பகிடிக்குத்தான் சொன்னது.

திறந்த அன்று சனம் வந்தது.
படம் எப்ப தொடங்கும் என்று கேட்டார்கள்.
ஃபேன் இல்லையா என்றார்கள்.
வெற்று நாள் வரும்போதெல்லாம்
மண்டபம் கறுத்து, தண்ணீர் மட்டும் பொரியும்;
யாரோ ஒரு பெண் விம்மினாள்.
பிறகு தொண்ணூறாம் ஆண்டு. ஆனி, ஆடி, ஆவணி.
நாற்பது பல்ப், அசையாமல், மூன்று நிமிடம்.
கூடவில்லை, குறையவில்லை.
பிள்ளைகள் சீமெந்தில் நீட்டிப் படுத்தார்கள்.
என் எடுபிடி றிஸ்கான் கொட்டாவி விட்டான்.
நல்ல இடம் இது என்று நானும் நினைத்தேன்.

குடையை மடக்காமல் நின்ற ஒருவர்
விரலால் எண்ணிக்கொண்டிருந்தார்.
திலகேஸ்வரி. அந்தக் காலத்துக் கிளாக்.
பேரேட்டைக் கண்டதும், "இது என்ட கை" என்றார்.
"அந்த நாப்பது நான் போட்டது, புள்ள.
மிசின் ஓடல்ல. துறையில வள்ளமும் இல்ல, ஆக்களும் இல்ல.
முதலாளி கொழும்பில.
வெறுமனே விட்டா கேப்பாங்க எண்டு பயம்,
ஆரு கேப்பாங்க எண்டும் தெரியா.
புரட்டாதியில திரும்பி வந்து
ஒரே இருப்பில, ஒரே பேனையால எழுதினன்."

"அப்ப இந்த வெற்று நாள்?"

"மாசி பதினெட்டா? அது தம்பிக்குக் கலியாணம்.
மத்தது எனக்குப் பல்லு வலி."

தர்மிலா சிரிக்கத் தொடங்கினாள்,
பாதியில் விட்டாள்.

அடுத்த நாள் என்னிடம் கேட்டாள்:
மின் ஓடுகிற வெறும் ஹோல்டர் நாற்பது,
கைக்கெட்டும் உயரத்தில், கட்ட ஏலுமா?
ஏலாது என்றேன். பிள்ளைகள் வருகிற இடம்.
வெகுநேரம் பேசாமல் இருந்தாள்.
எண்ணில் கை வைக்கவில்லை.
வெளிச்சத்திலும் இல்லை.
அந்த மூன்று நிமிடத்துக்கு மட்டும்
இறாலை நிறுத்தினாள்.

நிறுத்தினதும் கேட்டது
மூலையில் என் டிரான்ஸ்போமர் இரைகிறது.
வெட்கமாய்ப் போயிற்று.
ஒரு நட்டு இறுக்கினால் சரி, இறுக்கவா என்றேன்.
வேண்டாம், விடுங்க என்றாள்.

இரவு வீட்டில் பில்லைச் சரி பார்த்தேன்.
அறுபது ஹோல்டர் என்று கிடந்தது, என் கையால்.
பூட்டினது ஐம்பத்தேழா, எட்டா?
பேனையை மூடி வைத்துவிட்டு
விடிந்ததும் ஏணியோடு போனேன்
எண்ண.