சறுக்காதவர்கள்

விலை கடைசிப் பக்கத்தில் இருக்கும்.
அதை உள்ளங்கையால் மூடிக்கொண்டுதான்
எப்போதும் விரித்துக் காட்டுவேன்.
ஆல்ப்ஸ் மலை. ஏழு இரவு. மரவீடு,
வாசலில் மணி கட்டிய குதிரைவண்டி,
ஹலால் சமையலுக்குத் தனிச் சட்டி
(மூன்று நாள் மின்னஞ்சலில் மல்லுக்கட்டி வாங்கியது).
நான் பார்த்த பனியெல்லாம்
பாம்பன் லாரியில் மீனோடு வருகிற பனிதான்.
அதை யாரும் கேட்டதில்லை.

கீழக்கரை. ஆவணி.
கரண்ட் போய் நாற்பது நிமிடம்.
ஃபேன் இறக்கையில் ஒரு ஈ உட்கார்ந்திருக்கிறது.
ஹவ்வா லாத்தாவின் மகன்கள் இருவரும்
துபாயிலிருந்து வந்த பஞ்சுக் கோட்டை
என் கடையிலேயே அளவு பார்க்கிறார்கள்.
மூத்தவன் இஹ்ஸான் தாடைவரை ஜிப்பை ஏற்றி
"சரியா இருக்கு வாப்பா" என்கிறான்,
மூக்கு நுனியில் வேர்வை சொட்ட.

லாத்தா அதுவரை பேசவில்லை.
விரலை ஓட்டி வந்து ஓரிடத்தில் நிறுத்தினார்.
சறுக்குபவர்கள்: 3. சறுக்காதவர்கள்: 1.

"இந்த ரெண்டாவது ஆளு அங்க போயி என்ன செய்யும்?"

சொன்னேன். வெந்நீர்க் குளம்.
சன்னலோரம் கம்பளி போர்த்திய நாற்காலி.
சாக்லேட் கரைத்த பால்.
சறுக்கப் போனவர்கள் திரும்பும்வரை
மலையைப் பார்த்துக்கொண்டிருக்கலாம்.

"திரும்புற ஆளுகளுக்குக் காத்துக் கெடக்குறத
இங்கனயே செய்றேனே."

வீட்டுக்காரர் சிரித்தார். நானும் சிரித்தேன்,
நாலு டிக்கெட் விற்கிறவனின் சிரிப்பு.

ஞாயிற்றுக்கிழமை, பழகிப் பார்க்க வாலிநோக்கம் போனோம்.
யோசனை சின்னவனுடையது.
பாத்திகளைத் தாண்டி
மூன்று ஆள் உயரத்துக்கு உப்பு நின்றது.
ஐப்பசி மழைக்குள் கீற்றுப் போட்டு மூடிவிடுவார்கள்;
அதுவரைக்கும் அது வெயிலோடுதான் பேசும்.
கண் கூசி, ஆளாளுக்குக் கையால் குடை பிடித்தோம்.

கட்டைகளைப் பூட்டி உச்சியில் நின்றான் இஹ்ஸான்.
தள்ளினோம்.
நகரவில்லை.
உப்பு பல்லால் கடித்துப் பிடித்திருந்தது.
இன்னொரு முறை தள்ளியதில் கட்டை நின்றது, அவன் வந்தான்.
முழங்கைச் சிராய்ப்பில் உப்பு ஏறவும்
"உம்மா" என்றான்,
பத்தொன்பது வயசில்.

கூடையைத் தலையில் வைத்தபடியே
வரப்பிலிருந்து கத்தினாள் இருளாயி:
"திங்கிற சாமான இப்படி மிதிக்கிறீகளேய்யா!"

லாத்தா காரிலிருந்து இறங்கினார்.
மன்னிப்புக் கேட்கப் போகிறார் என்று நினைத்தேன்.
இருவரும் என்னவோ பேசினார்கள்.
இருளாயியின் ரப்பர் பூட்ஸைக் காட்டி
"குளிருக்கா?" என்றதும்
"அரிப்புக்கு" என்றதும் மட்டும் காதில் விழுந்தது.
பிறகு இருளாயி
ஒரு காலி பிளாஸ்டிக் சாக்கை உதறிக் கொடுத்தாள்.

"கட்டையில போகாதுக்கா. இதுல உக்காருங்க.
மிதிச்சாத்தான் பாவம்,
உக்காந்தா ஒண்ணுமில்ல."

ஐம்பத்திரண்டு வயசு. சர்க்கரை. வலது முட்டியில் நீர்.
கறுப்புப் புர்காவைக் கணுக்காலோடு இறுக்கிச் சுருட்டி
நாலு காலால் ஏறினார்.
மேலே ஒரு நிமிடம் உட்கார்ந்திருந்தார்.
எங்களைப் பார்க்கவில்லை.
கடல் இருக்கிற பக்கம் பார்த்த மாதிரி இருந்தது.

வந்தார்.

சாக்கு கிறீச்சிட்டது,
செருப்பு ஒன்று தனியாக வந்தது,
அடிவாரத்தில் இருந்த மண்வெட்டியைத் தாண்டி
பாத்தித் தண்ணீரில் போய்த்தான் நின்றார்,
இடுப்புவரை வெள்ளையாக.
வீட்டுக்காரர் ஓடினார்.
"தூக்காதீக" என்றார் லாத்தா. "மறுபடி ஏறணும்."

மறுநாள் கடைக்குத் தனியாக வந்தார்.
பாரத்தில் 3ஐ அடித்து 4 என்று எழுதினார்,
1ஐ அடித்துவிட்டு அங்கே ஒன்றும் எழுதவில்லை.
மடித்த சாக்கை மேசைமேல் வைத்தார்.

"இத ஏத்துக்குவாகளான்னு எழுதிக் கேளுங்க."

சாக்கை என்னவென்று எழுதுவது?
ரொம்ப நேரம் யோசித்து
"சறுக்குச் சாதனம், விருந்தினரின் சொந்தம்" என்று அனுப்பினேன்.
சாயங்காலமே பதில் வந்தது:
கட்டணமில்லை.
மெழுகு பூசித் தர வேண்டுமா?