கழிவு போக

வேலந்தாவளம் மண்டியில்
தக்காளிப் பெட்டிகளுக்கு எடை போடுகிற மயிலாத்தாளிடம்
கொழிஞ்சாம்பாறை ஆஸ்பத்திரியில் முந்தின நாள்
சிஸ்டர் ஷிஜி கேட்டாள்: வலிக்குமோ?
பீடி சிகரெட் உண்டா என்பது கேள்வி.
எப்பவாச்சும் வலிக்குமுங்க,
ராத்திரி சாப்பிட்ட பொறகு.
கேஸ் ஷீட்டில் ஏறிவிட்டது:
இரவு உணவுக்குப் பின், எப்போதாவது புகைப்பவர்.

அடித்துத் திருத்தினேன்.
இந்த எல்லையில் மயக்க மருந்து கொடுப்பவளுக்கு
அதுவும் ஒரு வேலை.

பத்துக்கு எத்தனை வலி என்றேன்.
ஒண்ணு, என்றாள்.
ஸ்கேன் படத்தில் பித்தப்பை நிறையக் கல்,
கொத்தமல்லி விதையைக் கொட்டி வைத்தாற்போல.
ஒண்ணாம்.

மறுநாள் எட்டே முக்காலுக்குத் தூங்க வைத்தேன்.
தூக்கம் என்பது வீட்டாரிடம் நாங்கள் சொல்கிற வார்த்தை.
இமைமேல் பிளாஸ்டர், தொண்டையில் குழாய்,
தசை மருந்தில் கையும் காலும் கழன்று கிடக்க
கத்த வாயில்லை, நெளிய உடம்பில்லை,
உள்ளே ஆளே இல்லை.
ஆனாலும் கத்தி வந்தால்
உடம்பு கணக்கு எழுதிக்கொண்டுதான் இருக்கும்.

சுட்டுவிரலில் ஒரு கவ்வி.
நாடியின் அலை சுருங்குவதையும்
துடிப்பு நெருங்குவதையும் கூட்டி
திரையில் ஓர் எண்.

பதினெட்டு.
டாக்டர் ஹாரிஸ் தொப்புளருகே கீறினார்.
முப்பத்திரண்டு.
பித்தப்பையை ஈரலிலிருந்து உரித்து இழுக்க
ஐம்பத்தாறு,
அறுபத்து மூன்று.
பிரஷர் அப்போதும் நல்ல பிள்ளையாக நின்றது.
ஹாரிஸ் மாமனார் வீட்டுப் பலாப்பழத்தைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார்.
நானும் அந்த விரலும் மட்டும்
வேறொன்று பேசிக்கொண்டிருந்தோம்.

முன்பெல்லாம் ஆள் எடைக்குத்தான் மருந்து,
கிலோவுக்கு இத்தனை மைக்ரோகிராம்.
கூடிப்போனால் நாளெல்லாம் குமட்டல்.
குறைந்துபோனால்
விழிக்கும்போதே அலறல்.
இன்று விரல் கேட்டது, கொடுத்தேன்.
அலை விரிந்தது. இருபத்திரண்டு.
பிறகு அரைமணி நேரம் அது கேட்கவில்லை,
நானும் கொடுக்கவில்லை.

கண் திறந்தாள்.
ஷிஜி குனிந்தாள்: வேதன உண்டோ?
வேதனை என்னத்துக்குக் கண்ணு,
மகளக் கட்டிக் குடுத்தாச்சு, கடனும் தீந்துது.
வலிதான்.
ஷிஜியின் ஊரில் வலி என்றால் இளைப்பு.
ஆக்ஸிஜன் மாஸ்க் எடுக்க ஓடினாள்.

கவ்வியைக் கழற்றினேன்.
விரல் நுனியில் சின்னப் பள்ளம்.
இனித் திரை இல்லை,
அவள் சொன்னால்தான் உண்டு.
பத்துக்கு எத்தனை மயிலாத்தா?

கூரையைப் பார்த்தாள்,
எலெக்ட்ரானிக் தராசில் எண்
ஆடி நிற்கட்டும் என்பதுபோல.

மூணே கால்.

பெட்டி எடை கழிச்சா?

சிரிக்கப் போய், தையல் இழுத்து,
வயிற்றைப் பிடித்துக்கொண்டாள்.
இல்லீங்க, இது பெட்டியோட.
நேத்துச் சொன்னதுதான்
கழிச்சுச் சொன்னது.