பதினேழாம் போத்தல்

நூறில் ஏழு.
இரண்டு கணினியிலும் ஏழுதான் வந்தது.
ஒன்றுமே குறையாத கடலிலும்
சூடை முட்டை இவ்வளவு அருகலாய் அகப்பட
நூறில் ஏழு வாய்ப்பு.

ஏழு அற்பம் என்கிறாள் மஸ்னூபா.
கொட்டியாரக் குடாவை மூன்று மாதம் மூடச்சொல்லி
இன்றைக்கே எழுது என்கிறாள்.
ஏழு அதிகம் என்கிறேன் நான்.
ஐந்துக்குக் கீழே இறங்கட்டும்,
இன்னொரு பருவம் அள்ளிப் பார்ப்போம்.

ஐந்து என்ற கோட்டைக் கடல் கிழிக்கவில்லை.
இருவருக்கும் தெரியும்.
தெரிந்துகொண்டே பிளேன்டீ ஆறும்வரை
வலைக்கண்ணின் அளவையும் உப்புச் செறிவையும் பற்றிக் கதைத்தோம்,
பிணக்கு அங்கேதான் கிடப்பதுபோல.

கிண்ணியாவில், அந்த மார்கழி ஞாயிறு,
கடல் பின்வாங்குவதை அவளுடைய வாப்பா கண்டவர்.
நிச்சயம் தெரியாமல் எப்படிக் கத்துவது என்று
வாய் திறக்காமல் நின்றவர்.
அவள் சொன்னதில்லை. அவள் மச்சான் சொல்லித் தெரியும்.
"பொறுத்துப் பார்ப்போம்" என்று நான் சொன்னால்
பேனையை மூடுவாள், திறப்பாள், மூடுவாள்.

எனக்குச் சல்லி.
பாஸ் இல்லாமல் வள்ளம் இறக்கக்கூடாத காலத்தில் பிறந்தவன்.
கடலை மூட ஒரு கடிதம் போதும்;
திறக்க எத்தனை வருடம் என்று
எங்கள் வீட்டு அடுப்பைக் கேட்கவேண்டும்.
"மூடுக" என்று தட்டச்சும்போது விரல் பின்னுகிறது.
அதற்கு நான் வைத்த பெயர் நிதானம்.

இந்தச் சண்டை எனக்குப் பயமில்லை.
பிழை தேடி என் கணக்கை மூன்று தரம் உரித்தாள்.
நானும் அவளுடையதை விடவில்லை.
பிழை கிடைக்கவில்லை,
கணக்குத்தான் துப்புரவாகிவிட்டது.

பயம், போன வருடம்.
பதினேழாம் போத்தலில்
கண் கூசும் அளவு முட்டை.
குடா நோயாளியென்றால்தான் திட்டத்துக்குக் காசு.
எனக்கு அந்த வேலை வேண்டும்,
அவளுக்கு அந்த எச்சரிக்கை.
"லேபல் மாறியிருக்கும்" என்றாள்.
"மாறித்தான் இருக்கும்" என்றேன்.
அரை நிமிடம். ஒருவரும் குரல் உயர்த்தவில்லை.
நாற்பத்தொரு இடத்தில் அள்ளி
நாற்பது என்று எழுதினோம்.
இரண்டு கையெழுத்தும் ஒரே மையில்.

இரவு பத்தரை. துறைமுகத்தில் ஏதோ கப்பல் முனகுகிறது.
அலுமாரியின் பின்தட்டைத் துழாவி
அவள்தான் எடுத்தாள். போமலின் நெடி.
லேபல் சரியாகத்தான் இருந்தது. என் எழுத்து.

இதைச் சேர்த்தால் ஏழு கூடுமோ குறையுமோ,
அவளுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

"நீ எண்ணு" என்றேன்.
"ரெண்டு பேரும். தனித்தனியா.
எண்ணி முடியுமட்டும் கதைக்கக்கூடாது."

நுணுக்குக்காட்டியின் விளக்கைப் போட்டேன்.