பதினாறு டிகிரி

கொள்ளுப்பிட்டியில் ஆறாவது மாடி.
இடுப்பில் கயிறு, வெளிச்சுவரில் நான்,
ஏசி மாட்டி முடித்தாயிற்று.
உள்ளேயிருந்து ரிமோட்டும் கையுமாக
வீட்டுக்கார அம்மா கேட்கிறார்:
"பதினாறுக்குப் போகுமா தம்பி?"

போகும்.
நானுஓயாவில் எங்கள் லயத்தில்
பங்குனி மாதம் காலை பத்து மணிக்கு அதுதான்.
பில் வராது.

கடலோரம் வந்த முதல் கிழமை
இரவு வரும் வரும் என்று காத்திருந்தேன்.
இருட்டு வந்தது,
இரவு வரவில்லை.
பகல் முழுக்க வாங்கிப் போட்ட சூட்டைக்
கடல் விடிய விடியச்
சில்லறையாய்த் திருப்பிக் கொடுத்துக்கொண்டிருந்தது.
எங்கள் மலைக்கு அந்தச் சேமிப்புப் பழக்கம் கிடையாது.
விழுந்த வெயிலை விழுந்த கையோடு செலவழித்துவிட்டு
ஆறு மணிக்கு வெறுங்கையோடு நிற்கும்.

தேங்காயெண்ணெய்ப் போத்தலை
அடுப்போரம் வைத்து உருக்கித்தான்
சுகந்தமலர் பிள்ளைக்குத் தலை பின்னுவாள் என்றால்
கூட வேலை செய்யும் பஸ்லான் நம்பமாட்டான்.
"எண்ணெய் எங்கயாவது கல்லாகுமா?"
அவன் புத்தளத்தான்.
உப்பு கல்லாவதைத்தான் பார்த்திருக்கிறான்.
அதே உப்பு
நாங்கள் மாட்டுகிற பெட்டிகளின் முதுகை
மூன்று வருசத்தில் தின்றுவிடும்.
அதனால்தான் எங்களுக்கு வேலை.

இன்னொன்று, யாரும் கேட்பதில்லை:
குளிரை நாங்கள் செய்வதே இல்லை.
அறைக்குள் இருக்கும் சூட்டைப் பிடித்து
வெளியே தள்ளுகிறோம்.
தள்ளியது யார் மேலாவது படத்தானே வேண்டும்.
கீழே வாட்ச்மேன்
கதிரையைக் கொஞ்சம் கொஞ்சமாய் நகர்த்துகிறார்.
பசறைக்காரர்.
"காச்சான் மாதிரியே வீசுது" என்கிறார்,
ஊர்க்காரனைக் கண்ட சந்தோசத்தில்.

தையில் லீவு.
அவிசாவளை வரைக்கும் சட்டை
சீட்டோடு ஒட்டிக்கொண்டு வந்தது.
டினுக்ஷாவுக்கு வாங்கின சிப்ஸ் பாக்கெட்
அப்போது சப்பையாய்த்தான் இருந்தது.
கினிகத்தேனையில் காது அடைக்க
பையைத் திறந்து பார்க்கிறேன்,
வயிறு உப்பி
வெடிக்கட்டுமா என்கிறது.
வட்டவளையில் மழை. வட்டவளையில் எப்போதும் மழை.
தலவாக்கலையில் யாரோ கண்ணாடியை இழுத்துச் சாத்தினார்கள்.
அது நான்தான்.

அன்றிரவு
இரண்டு கம்பளி, ஒரு ஜக்கட், காலுறை.
பல் தந்தியடிக்கிறது.
குளிர் விற்கிறவனுக்குக் குளிர் ஆகவில்லை.
கைகூட இல்லாத சட்டையில்
சிப்ஸ் தின்றுகொண்டே வந்த டினுக்ஷா
தீப்பெட்டியை என் பக்கம் நீட்டினாள்.
"பீப். பீப். பீப்.
இருபத்தெட்டு வச்சிருக்கேன் அப்பா,
இப்ப சரியா?"
சுகந்தமலர் போர்வைக்குள் சிரிக்கிற சத்தம்.

விடிந்தபோது அவள் சிரிக்கவில்லை.
ஆற்றோர மலை முழுக்க வெள்ளை.
வெயில் பட்டதும்
கொழுந்து தீய்ந்த காகிதமாய்ச் சுருண்டது.
பனி சுட்டதா வெயில் சுட்டதா
யாரும் சண்டை போடவில்லை.
"இன்னிக்கு அரைப் பேர்தான்" என்றுவிட்டுக்
கங்காணி போய்விட்டார்.
கொழுந்துக் கூடையைக் கவிழ்த்துப் போட்டு
அதன்மேலேயே உட்கார்ந்தாள்.

அந்த நேரம் பார்த்துக் கம்பெனியிலிருந்து போன்.
கொள்ளுப்பிட்டி அம்மா புகாராம்,
பதினாறில் வைத்தும் குளிரவில்லையாம்,
எப்ப வாற?

வாயைத் திறந்தேன்.
பதிலுக்கு முந்திப்
புகை வந்தது.