மூன்றாம் தட்டு

ஒவ்ரிம் கரையில் வயது என்பது தூக்கத்தின் நீளம்.
இருநூறு சுற்று வாழ்ந்தவர் ஓர் இரவு தூங்குவார்,
ஐந்நூறு வாழ்ந்தவர் ஒரு பருவம்.
எழுநூறைத் தாண்டிவிட்டால்
கோப்பையைக் கீழே வைத்துவிட்டுத்தான் கொட்டாவி விட வேண்டும்.
இல்லையென்றால் விழிக்கும்போது
விரலும் கோப்பையும் ஒரே பாசிக்குள் இருக்கும்.

நரை கிடையாது எங்களுக்கு. கூன் கிடையாது.
முதுகோட்டில் சுற்றுக்கொரு தட்டு ஏறும், அவ்வளவுதான்.
சாவு வந்து கதவைத் தட்டுவதுமில்லை;
நாங்கள்தான் போய்த் தட்டிப் பார்க்கிறோம்.

அது என் வேலை.
பதிவேடும் எலும்புச் சுத்தியலுமாக
வீடு வீடாகப் போகிறேன்.
தூங்குகிறவர் முதுகில் மூன்று தட்டு:
வந்திருக்கிறேன் என்று சொல்ல ஒன்று,
மன்னிக்கச் சொல்லி ஒன்று.
மூன்றாவதற்கு உள்ளிருந்து முனகல் வரும்,
கடலடியில் பாறை புரண்டு படுப்பதுபோல.
வந்தால் 'உறக்கம்' என்று எழுத வேண்டும்.
வராவிட்டால் எதுவும் பேசாமல்
மைக்கூட்டை மூடுவேன்.
வீட்டாருக்கு அந்தச் சத்தம் போதும்.

தோல்மிஹ் தன் அக்காவுக்காக
எண்பத்தெட்டுச் சுற்றாக அடுப்பை அணைக்கவில்லை.
'உறக்கம்' என்று எழுதிக் காட்டினேன்.
அவள் முகத்தில் ஒரு கணம் ஏமாற்றம்.
அதை எழுதப் பதிவேட்டில் கட்டம் இல்லை.

இரோவ் என் வீட்டில்தான் தூங்குகிறான்.
போன முறை கஞ்சியை ஒரு வாய் குடித்துவிட்டு
"இதில்" என்றான், கண் மூடினான்.
நாற்பத்தொரு சுற்று கழித்து
"உப்பே இல்லை" என்றான்.
அதற்குள் அவனைச் சுமந்துகொண்டு
மூன்று வீடு மாறியிருந்தேன்.
ஆனாலும் உப்பை எடுத்துக் கொடுத்தேன்.

இந்த முறை சண்டைக்கு நடுவில்.
"கூரை ஒழுகக் காரணம் நீ"
என்றதோடு தலை சாய்ந்துவிட்டது.
அறுபத்தாறு சுற்றாக யோசிக்கிறேன்:
அங்கேயே முடிந்துவிட்டதா,
இல்லை, 'அல்ல' என்று ஒரு சொல்
தொண்டையில் தங்கிவிட்டதா?
கூரையை அப்போதே மாற்றிவிட்டேன்.
வாக்கியம்தான் இன்னும் ஒழுகுகிறது.

நேற்று அவன் முறை.
ஒன்று. இரண்டு.
மூன்று.
ஒன்றும் வரவில்லை.

மைக்கூட்டின் மேல் கை போனது. நின்றது.
தோல்மிஹ் வீட்டிலும் ஒன்றும் வரவில்லையே.
அதற்கு முந்தைய வீட்டிலும்.
இந்தச் சுற்றில் பதினேழு வீடு,
பதினேழிலும் பழக்கத்தில்
'உறக்கம்' என்று எழுதிவிட்டு வந்திருக்கிறேன்.
கொஞ்ச நாளாய்க் கடலும் ராத்திரியில் அமைதி.
நல்ல பருவம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

எங்கள் காதில் முதலில் போவது அடித்தொனிதான்.
எனக்கு எண்ணூற்றுப் பன்னிரண்டு.

பக்கத்து வளைவில் பெல்லுக் இருக்கிறாள்,
நூற்றுப் பத்து வயது,
பனிக்கட்டி விரிசல் விடுமுன்பே கேட்டுவிடும் காது.
கூப்பிட்டால் ஓடி வருவாள்.
சொல்லியும் விடுவாள், அதுதான் சங்கடம்.

கூப்பிடவில்லை.
அவன் ஓட்டோடு என் ஓட்டைச் சேர்த்து உட்கார்ந்தேன்.
ஏதோ அதிர்ந்தது.
அலையாக இருக்கலாம்.
தொலைவில் யாராவது வண்டி இழுத்திருக்கலாம்.
நானாகவும் இருக்கலாம்.

பதிவேட்டில் இரண்டே கட்டங்கள்.
இரண்டையும் விட்டுவிட்டு ஓரத்தில் எழுதினேன்:
'கேட்கவில்லை.'
என் காதைச் சொன்னேனா,
பெல்லுக்கிடம் போகாத என் வாயைச் சொன்னேனா,
படிக்கிறவர் பாடு.

உப்புக் கிண்ணத்தை
அவன் கைக்கு எட்டும்படி வைத்தேன்.
பிறகு
என் கோப்பையைக் கீழே.