தலைகீழாய் ஒரு சூசையப்பர்

பதினான்கு மாதம்.
ஃபால் ரிவரில் ஒரு வீடு இத்தனை நாள் நின்றால்
அதற்கு ஏதோ வியாதி என்று ஊர் முடிவு கட்டிவிடும்.
விற்பனைப் பலகையின் ஒரு சங்கிலி அறுந்து
என் முகம் சாய்ந்து தொங்குகிறது.
பழைய படம். அதில் எனக்கு முடி இருக்கிறது.

விலையைக் குறைக்கலாம் என்றால்
ஒடீலியா புர்ட்டாடோவுக்குக் காது கேட்காது.
"அடுத்த தெரு ரெபெல்லோ வீடு எவ்வளவுக்குப் போனது?"
அது வேறு வருஷம், வேறு வட்டி.
அவர்களுக்கு மூன்று கார் நிறுத்த இடம்,
உங்களுக்கு ஓர் அத்திமரம்.
"மரத்தை வெட்ட மாட்டேன்."
வெட்டச் சொல்லி நான் கேட்கவே இல்லை.

என்னதான் செய்யவில்லை?
குளியலறையின் ஊதாவுக்கு வெள்ளை அடித்தேன்.
மாடிப்படி நெடுகத் தொங்கிய
புதுநன்மைப் படங்களை இறக்கிப் பெட்டியில் கட்டினேன்.
ஞாயிறு ஆட்கள் பார்க்க வருவார்கள்,
உப்புமீன் வேகவைக்காதீர்கள் என்றேன்.
சனிக்கிழமை வேகவைத்தாள்.
புதிய படக்காரன் கூடத்தை மைதானமாக்கிக் கொடுத்தான்;
நேரில் வந்தவர்கள்
வாசலிலேயே முகம் சுருங்கினார்கள்.

வருகிறவர் பின்னாலேயே அவளும் நடப்பாள்.
"இந்த ஜன்னல் திறக்காது."
"காற்றோடு மழை என்றால் இங்கே ஒரு வாளி வேண்டும்."
உண்மை நல்லதுதான் ஒடீலியா,
முதல் ஐந்து நிமிஷத்தில் வேண்டாமே.

இரண்டு பேர் முன்பணம் வரை வந்தார்கள்.
இரண்டு முறையும் ஆய்வாளர்
நிலவறைச் சுவரில் டார்ச்சை நிறுத்தினார்:
விரல் தடிமனில் இரண்டு செம்புக் குழாய்கள்
சுவருக்குள் புகுந்து எங்கோ போயின.
"எங்கே போகிறது இது?"
அவள் தோளைக் குலுக்கினாள்.
நானும் குலுக்கினேன். அதை எழுதியாக வேண்டும்:
நானும் குலுக்கினேன்.

பக்கத்து வீட்டு இடலீனாதான் சொன்னாள்.
சூசையப்பரைத் தலைகீழாய்ப் புதை,
முகம் வீட்டைப் பார்க்கட்டும்.
விற்றதும் தோண்டி எடுத்துக் கூடவே கொண்டுபோ,
மறந்தால் ராசி அங்கேயே தங்கிவிடும்.
நாலு அங்குலம், பிளாஸ்டிக், ஒன்பது டாலர்.
நான் கோவிலுக்குப் போகாதவன்.
மண்வெட்டி மட்டும் என் கைக்கு வந்தது.
அத்திவேருக்குச் சற்றுத் தள்ளி,
ஏப்ரல் ஈரத்தில்
ஓர் அடி. ஒன்றரை.

டங்.

கல் அப்படிச் சத்தம் போடாது.
வயிறு காலியான ஒன்றுதான் அப்படிச் சத்தம் போடும்.

கிணறு வெட்டப் பூதம்.
பூதத்துக்கு வயது அறுபது:
ஐந்நூறு கேலன் எண்ணெய்த் தொட்டி,
எரிவாயு வந்த வருஷம் குழாயை அடைத்து
யாரோ மறந்துபோனது.
துருவின் ஓட்டையருகே மண் கறுத்து நாறியது.
ஒடீலியா குனிந்து மோந்து பார்த்தாள்.
"அப்போ என் மீன் இல்லை," என்றாள்.

மூடிவிடலாம்.
அப்படி ஒரு நினைப்பு வந்தது, எனக்குத்தான்.
மாலை வெளிச்சம், யாரும் பார்க்கவில்லை,
நாலு மாதமாய் ஒரு கமிஷனும் இல்லை.
"ஜன்னலையே மறைக்காதவள் நான்,"
என்று அவள் தீயணைப்பு நிலையத்துக்கு போன் போட்டாள்.

பதினோராயிரம் டாலர். ஒரு தோண்டும் எந்திரம்,
இரண்டு லாரி மண், பரிசோதனைக் காகிதங்கள்.
பிறகு விலை பற்றி மறுபடி சொன்னேன்.
இம்முறை காது கேட்டது.

ஒன்பதாம் நாள் வந்தவள் சொகுந்தியா,
மருத்துவமனையில் இரவுப் பணி,
தூங்காத கண்ணோடு நேராக அங்கிருந்து.
குளியலறையை எட்டியும் பார்க்கவில்லை.
மண் பரிசோதனைக் காகிதங்களைப்
படியில் உட்கார்ந்து பக்கம் பக்கமாகப் படித்தாள்.
"இந்த ஜன்னல் திறக்குமா?"
"திறக்காது," என்றோம் இருவரும்.
"சரி."

கையெழுத்து நாளில் ஒடீலியா கேட்டாள்:
"அவர் எங்கே?"
லாரி ரசீதில் பதினெட்டு டன் மண் என்றிருந்தது,
புனிதர் பற்றி வரி இல்லை.
வேறொருவரை வாங்கி
தலையில் கொஞ்சம் சேறு தடவி நீட்டினேன்.
திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.
"இவர் புதியவர்,"
என்று சொல்லிக் கைப்பையில் போட்டுக்கொண்டாள்.